முத்திரையைக் கடைசியாகப் பாருங்கள்

இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கெல்லாம் கார் பூட் சேல் களைகட்டிவிடும். புல்தரையில் வரிசையாக வண்டிகள். டிக்கியைத் திறந்து, மடக்கு மேசை போட்டு, வீட்டில் வேண்டாத சாமானையெல்லாம் பரப்பியிருப்பார்கள். மருத்துவமனை ஆய்வகத்தில் இரவு ஷிஃப்ட் முடிந்ததும் நான் நேராக அங்கேதான் போவேன். பதினோரு வருடமாக இதே கதை. கிண்ணமோ ஜாடியோ கண்ணில் பட்டால், வனைந்தவரின் முத்திரை அடியில் இருக்கிறதா என்று பார்க்கக் கை தானாக எடுத்துக் கவிழ்த்துவிடும். போன மாதம் நண்பர் வீட்டு விருந்தில் பாயசக் கிண்ணத்தைக் கவிழ்க்கப் போய், மனைவி சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

இந்தப் பைத்தியம் தெரிந்த நண்பர்கள் அடிக்கடி போனில் படம் அனுப்புவார்கள். 'இது யாருடைய முத்திரை, பார்த்துச் சொல்லேன்.' படத்தில் முத்திரை மட்டும்தான் இருக்கும், பானை இருக்காது. அங்கேதான் சிக்கல். ஸ்டுடியோ பாட்டரி என்பது தொழிற்சாலைச் சரக்கு இல்லை. ஒருவரோ, ஒரு சிறு பட்டறையோ சக்கரத்தில் வனைந்தது. பெரும்பாலும் இனிஷியல்தான் முத்திரை. ஆங்கிலத்தில் இருப்பதே 26 எழுத்து. இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஒரே இனிஷியலுக்குப் பத்துப் பேர் வந்து நிற்பார்கள்.

நான் பாடம் கற்றது எச்.சி. என்ற இரண்டு எழுத்தில். ஒரு சந்தையில் சின்னக் குடுவை ஒன்றின் அடியில் அந்த எழுத்துகள் இருந்தன. விற்றவர் 'ஹான்ஸ் கோப்பர்' என்று காதருகே வந்து சொன்னார். ஸ்டுடியோ பாட்டரியில் பெரிய பெயர் அது. 60 பவுண்டு கொடுத்துவிட்டு, லாட்டரி விழுந்தவன் மாதிரி வீட்டுக்கு வந்தேன். கோப்பர் முத்திரையை ஈர மண்ணில் அழுத்தியவர்; என் குடுவையிலோ யாரோ ஆணியால் கீறியிருந்தார்கள். கோப்பருடையது ஸ்டோன்வேர், அதிகச் சூட்டில் சுட்டது, தண்ணீரை உறிஞ்சாது. என்னுடையது சிவப்பு மண். அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தேன், சர்ரென்று உறிஞ்சிவிட்டது. மாலை வகுப்பு மாணவர் யாரோ செய்தது என்று நினைக்கிறேன். இப்போது அதில் பென்சில் போட்டு வைத்திருக்கிறேன். கார்ன்வாலில் செயின்ட் ஐவ்ஸ் என்ற ஊரில் இயங்கிய ட்ராய்க்கா பட்டறையில் ஹானர் கர்ட்டிஸ் என்று ஓர் அலங்காரக் கலைஞர் இருந்தார். அவரும் எச்.சி.தான், ஆனால் தூரிகையால் எழுதியிருப்பார். எழுத்து ஒன்று, ஆள் வேறு.

அதனால் என் வரிசை இதுதான்: முதலில் மண், அப்புறம் அடி, அப்புறம் கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு, கடைசியில் முத்திரை.

மண்ணைப் பார்ப்பதற்கு, கிளேஸ் படாத இடம் எங்கே என்று தேடுங்கள். அநேகமாக அடிவளையத்தில் இருக்கும். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். உடனே உள்ளே போனால் குறைந்த சூட்டில் சுட்ட எர்த்தன்வேர். முத்தாக நின்றால் 1250 டிகிரியும் அதற்கு மேலும் பார்த்த ஸ்டோன்வேர், அல்லது போர்சலின் என்ற வெள்ளைப் பீங்கான். இந்த ஒரு சொட்டிலேயே பாதிப் பேரைப் பட்டியலிலிருந்து கழித்துவிடலாம்.

அடியைப் பார்ப்பது இன்னும் சுவாரசியம். என் சமையலறையில் தயிர் பச்சடிக்கு வைத்திருக்கும் கிண்ணத்தையே சொல்கிறேன். இரண்டு பவுண்டுக்கு வாங்கியது. கவிழ்த்தால் அடிவளையம் கூர்மையில்லாமல், கட்டைவிரல் சுகமாக உட்காரும் அளவுக்கு மழுங்கலாக இருக்கிறது. வளையத்துக்குள்ளே, செதுக்கும் கருவி சுற்றி வந்த தடம் நத்தை ஓடு மாதிரி நடுவில் போய் முடிகிறது. வெறும் மண் வறுத்த ரவை நிறம். கிளேஸ் முடியும் கோட்டை ஒட்டி மட்டும் ஆரஞ்சு ஏறியிருக்கிறது. வெளியே கறுப்பு, விளிம்பில் மட்டும் துரு நிறம்: டென்மோக்கு கிளேஸ். இவ்வளவும் பார்த்தபோதே மனசு 'செயின்ட் ஐவ்ஸ்' என்றது. ஆனால் அடியில் முத்திரை இல்லை. கிண்ணத்தைச் சாய்த்து, பக்கவாட்டில், அடிவளையத்துக்குச் சற்று மேலே பார்த்தேன். கிளேஸில் பாதி மூழ்கி, கால் அங்குல வட்டம். உள்ளே எஸ், ஐ என்ற எழுத்துகள், இரண்டு புள்ளிகள். செயின்ட் ஐவ்ஸில் குயவர் பெர்னார்ட் லீச்சும் ஜப்பானிலிருந்து வந்த ஷோஜி ஹமாடாவும் 1920-இல் தொடங்கிய லீச் பாட்டரியின் முத்திரை அது. அடியில் இல்லை என்று கீழே வைத்திருந்தால் அன்றைக்குக் கோட்டை விட்டிருப்பேன்.

சரி, 'லீச்' கிடைத்துவிட்டது என்று துள்ள வேண்டாம். அந்த வட்ட முத்திரை மட்டும் இருந்தால் பட்டறையில் குழுவாக வனைந்த அன்றாடப் பாத்திரம் என்று அர்த்தம். ஸ்டாண்டர்ட் வேர் என்பார்கள். பெர்னார்ட் லீச் தானே செய்ததில் பட்டறை முத்திரையோடு பி.எல். என்றும் இருக்கும். விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 'லீச் பாட்டரி' என்பதைச் சுருக்கி 'லீச்' என்று விற்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இல்லை. என்னைக் கேட்டால், தினமும் கையில் எடுக்க ஸ்டாண்டர்ட் வேர்தான் இன்பம். அலமாரியில் பூட்டி வைக்கும் பாத்திரம் எனக்கு எதற்கு?

லீச் குடும்பமே ஒரு தனிப் புதிர். மகன் டேவிட் 1950களின் நடுவில் தனியாகப் போய், டெவனில் போவி ட்ரேஸி ஊரில் லோயர்டவுன் பட்டறை வைத்தார். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம். இந்தப் பக்கச் சந்தைகளில் அவர் சரக்கு அடிக்கடி தலைகாட்டும். எல் எழுத்தும் ஒரு கூட்டல் குறியும் பட்டறை முத்திரை, டி.எல். அவருடைய சொந்த முத்திரை. ஜே.எல். என்று பார்த்தால் இன்னும் கவனம் தேவை. பெர்னார்டின் மூன்றாவது மனைவி ஜேனட் டெக்ஸாஸ்காரர், ஜப்பானில் பயின்றவர். அவர் பானைகள் முரட்டுத்தனமாக, வேண்டுமென்றே கோணலாக இருக்கும். டேவிட்டின் மகன் ஜான், சாமர்செட்டில் மச்சல்னி கிராமத்தில் விறகுச் சூளை போட்டு, சமையலறைக்கான குண்டுச் சட்டிகள் செய்தவர். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இனிஷியலே தேவைப்படாது.

வியன்னாவில் பிறந்த குயவர் லூசி ரீ விஷயத்தில் முத்திரையே ஒரு வரலாறு. அங்கே செய்தவற்றில் எல்.ஆர்.ஜி. வீன் என்று எழுதியிருப்பார். 'ஜி' என்பது பிறந்த வீட்டுப் பெயர் கோம்பர்ஸ், 'வீன்' என்பது ஜெர்மனில் வியன்னா. 1938-இல் நாஜிகளுக்குத் தப்பி லண்டன் வந்தபின் எல்.ஆர். என்ற அழுத்து முத்திரை. 1946-இல் அவர் பட்டறைக்கு வேலை தேடி வந்தவர்தான் கோப்பர். இருவரும் சேர்ந்து செய்த கோப்பைகளில் இரண்டு முத்திரையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

வின்ச்கூம் என்ற ஊரின் பட்டறைக்கும் லீச் பட்டறையின் கணக்குதான். 1926-இல் மைக்கேல் கார்டியூ அங்கே தொடங்கினார். அவர் கைவேலையில் டபிள்யூ.பி. என்ற பட்டறை முத்திரையோடு எம்.சி. இருக்கும். பிறகு பட்டறை ரே ஃபின்ச் கைக்குப் போனது. டபிள்யூ.பி. மட்டும் இருந்தால் கார்டியூ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

காலத்தைக் கணிக்க ட்ராய்க்கா போல எளிதானது வேறில்லை. 1970-இல் பட்டறை கார்ன்வாலிலேயே நியூலின் என்ற ஊருக்கு இடம் மாறியது. அதற்கு முன் 'ட்ராய்க்கா செயின்ட் ஐவ்ஸ்', பின்னால் வெறும் 'ட்ராய்க்கா'வோ 'ட்ராய்க்கா கார்ன்வால்' என்றோ இருக்கும். 1983-இல் மூடிவிட்டார்கள்.

இனி முத்திரையைப் படிக்கும் முறை. கிளேஸ் மூடிய முத்திரையை நேரே பார்த்தால் வெறும் பள்ளம்தான். அறை விளக்கை அணைத்து, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்க வைத்து அடியுங்கள். நிழல் விழுந்து எழுத்து எழும்பும். வெறும் மண்ணில் உள்ள முத்திரைக்கு நான் கண்டுபிடித்த வழி, பூஜை அலமாரி விபூதி. ஒரு சிட்டிகை தேய்த்து, மேலாக ஊதிவிட்டால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். படம் எடுத்துவிட்டுக் கழுவிவிடலாம். (அம்மாவிடம் சொல்லவில்லை.) பிறகு படத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பாருங்கள். வில்லியம் ஸ்டெய்ட் மர்ரே என்ற குயவரின் முத்திரை ஐங்கோணத்துக்குள் எம். தலைகீழாகப் பிடித்தால் டபிள்யூ ஆகி, வேறு யாரையோ தேட வைக்கும். செயின்ட் ஐவ்ஸில் லீச்சின் வலக்கையாக இருந்த வில்லியம் மார்ஷலின் டபிள்யூ.எம். மட்டும் எப்படித் திருப்பினாலும் டபிள்யூ.எம்.தான்.

சுடுவதற்கு முன் அழுத்திய முத்திரையில் ஓரம் மழுங்கலாக இருக்கும், பள்ளத்தில் கிளேஸ் தேங்கியிருக்கும். சுட்ட பின் யாராவது கீறியிருந்தால் ஓரம் பொடிந்து, உள்ளே மண் நிறம் புதிதாகத் தெரியும். லென்ஸில் பார்த்ததுமே கையை எடுத்துவிடுவேன். ஆனால் ஈர மண்ணிலேயே பொய் முத்திரை வைப்பவரை லென்ஸ் பிடிக்காது. 1980களின் தொடக்கத்தில் வுல்வர்ஹாம்ப்டன் அருகே ஃபெதர்ஸ்டோன் சிறையின் பாட்டரி வகுப்பில் கைதிகள் லீச் பானைகளைப் போலியாகச் செய்தது வெளிவந்தது. ஏலம்வரை போய் நல்ல விலைக்கு விற்றிருக்கின்றன. வாங்கியவர்கள் பானையை விட்டுவிட்டு முத்திரையைப் பார்த்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

முத்திரையே இல்லாவிட்டால் மலிவுச் சரக்கு என்றும் நினைக்காதீர்கள். டார்செட்டில் டர்வெஸ்டன் கிராமத்தில் வாழ்நாளெல்லாம் வனைந்த ரிச்சர்ட் பேட்டர்ஹாம் தன் பானைகளில் முத்திரை வைக்கவில்லை. பக்கமெல்லாம் கத்தியால் சீவிய வரிகள், சாம்பல் கிளேஸின் மங்கிய பச்சை, மூடி வந்து உட்காரும் விதம்: இவைதான் அவர் கையெழுத்து. இதைப் படத்தில் கற்க முடியாது. யார்க் ஆர்ட் கேலரிக்குப் போங்கள். வேக்ஃபீல்டில் வாழ்ந்த நூலகர் பில் இஸ்மே தன் சின்ன வீட்டில் சேர்த்து, தினமும் புழங்கிய 3,600-க்கும் மேற்பட்ட பானைகள் அவர் மறைவுக்குப் பின் அங்கேதான் சேர்ந்தன. 500-க்கு மேற்பட்டவர்களின் கைவேலை. நான் முதல்முறை போனபோது, பெயர்ச்சீட்டைப் படிக்காமல் பானையை மட்டும் பார்த்து ஆளைச் சொல்லி விளையாடினேன். இருபதுக்கு ஆறு. போன வருடம் பதினொன்று.