ஊர் முகவரியும் வரைபடத்துச் சிவப்புக் குறியும்

ஊருக்குப் போகும்போது உறவினர் வீட்டு முகவரியைக் கைப்பேசி வரைபடத்தில் அடித்துப் பார்த்ததும் சிவப்புக் குறி ஒன்று விழும். அதையே வீடு என்று எண்ணிக் கிளம்பிவிடாதீர்கள். பெரியம்மா வீட்டுக்கு நான் அப்படித்தான் போனேன். முகவரியில் ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு, தூங்கும் குழந்தையோடு, வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி இறங்கி நின்றோம்.

செயலிக்கு அந்தக் கதவு எண் தெரிந்திருந்தால் குறி வீட்டின் மேலேயே விழும். தெரியாவிட்டால், தெருவின் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் வைத்து, இன்ன இடத்தில் இருக்கலாம் என்று கணக்குப் போடும். அதற்கும் வழியில்லை என்றால் தெருவின் மையம். அதுவும் கிடைக்காதபோது ஊரின் மையமோ பின்கோடு பகுதியின் மையமோ. எனக்கு நடந்தது இந்தக் கடைசி வகை. எந்த வகையானாலும் குறி பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

நம் ஊர்களில் எண்கள் வரிசையாகவா போகின்றன? மனையைப் பிரித்தால் 12 என்பது 12ஏ, 12/1 என்று கிளைக்கிறது. சென்னையில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. எது எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நகரில் பிள்ளையார் கோயில் தெரு நாலைந்து இருக்கும். அதை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். யாழ்ப்பாணப் பக்கம் ஒழுங்கைக்குள், அதாவது குறுகிய சந்துக்குள், இருக்கும் வீடு என்றால் இன்னும் சிரமம்.

அதனால் விமானம் ஏறுவதற்கு முன்பே, வீட்டிலிருப்பவரிடம் வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பச் சொல்லுங்கள். உள்ளே உட்கார்ந்துகொண்டு அல்ல, வாசல் கேட்டுக்கு வெளியே, திறந்த வானத்தின் கீழ் நின்று. அனுப்பும் திரையில் எத்தனை மீட்டர் துல்லியம் என்று காட்டும். அந்த எண் குறையும்வரை சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். கேட் என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: குறி மனையின் பின்பக்கம் விழுந்தால், அதற்கு மிக அருகிலுள்ள சாலைக்குத்தான் செயலி வழிகாட்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் நீங்கள்.

வந்ததைச் செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கி, வீடியோ அழைப்பில் அவர்களுக்கே காட்டுங்கள். கிணறு, தண்ணீர்த் தொட்டி, எதிர்வீட்டுக் கூரை என்று அடையாளம் சொல்லிவிடுவார்கள். சரி என்றதும் அந்த இடத்தைச் சேமித்து, அந்தப் பகுதியின் வரைபடத்தையும் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். உள்ளூர் சிம் கிடைக்கும்வரை உதவும்.

அப்புறம், அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தாளில் எழுதி வைத்தால் வரிசை மாறாமல் பாருங்கள். சென்னைக்கு 13.08, 80.27. மாற்றி அடித்தால் ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தால் சுமார் 11 மீட்டருக்குள் வரும், ஐந்து என்றால் ஒரு மீட்டர் அளவு. ஆனால் முகவரியிலிருந்து செயலியே ஊகித்த இடத்துக்கு எத்தனை இலக்கம் இருந்தாலும் அது ஊகம்தான். கேட்டில் நின்று அனுப்பியதன் எண்களையே எழுதுங்கள். கூடவே வீட்டுக்காரர் தொலைபேசி எண்ணும், பக்கத்துக் கோயில் அல்லது கடையின் பெயரும் அதே தாளில் இருக்கட்டும். ஆட்டோக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.