சிபிஆர்இ அடிப்படைத் தேர்வுக்குப் படிப்பது எப்படி: காசிமேட்டு ஏலக் கணக்கை வைத்து ஒரு செய்முறை

டெஸ்டிங் வேலையில் இருந்து பிசினஸ் அனலிஸ்ட் வேலைக்கு மாற நினைத்தபோதுதான் ரிக்வயர்மென்ட்ஸ் இன்ஜினியரிங் (ஒரு மென்பொருளில் என்ன வேண்டும் என்று கேட்டறிந்து எழுதுவது) என்று தனியாக ஒரு படிப்பு இருப்பதே எனக்குத் தெரிந்தது. அதற்கான சிபிஆர்இ (CPRE) சான்றிதழ்த் தேர்வில் முதல் முறை தவறினேன், இரண்டாம் முறை தேறினேன். நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

எந்தச் சான்றிதழ் என்பதை முதலில் முடித்துவிடலாம். பிசினஸ் அனலிஸ்ட்களுக்கான சர்வதேச அமைப்பான ஐஐபிஏ (IIBA) தரும் சிசிபிஏ (CCBA) சான்றிதழுக்கு 3,750 மணி நேர வேலை அனுபவம் காட்ட வேண்டும், அதற்கு மேல்நிலையான சிபிஏபிக்கு (CBAP) 7,500 மணி. புதிதாக வருபவர்களால் அது முடியாது. ரிக்வயர்மென்ட்ஸ் இன்ஜினியரிங்குக்கான சர்வதேச அமைப்பான ஐஆர்இபியின் (IREB) சிபிஆர்இ அடிப்படை நிலைக்கு அனுபவம் கேட்பதில்லை. வகுப்புக்குப் போயிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வாங்கிய சான்றிதழ் காலாவதி ஆகாது. அதனால் ஆரம்பிப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

படி 1: நான்கு பிடிஎஃப்

ஐஆர்இபி தளத்திலேயே பாடத்திட்டம், கையேடு, கலைச்சொல் தொகுப்பு, மாதிரித் தேர்வு நான்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. காசு கொடுத்துக் கேள்வித் தொகுப்பு வாங்க வேண்டாம். நான் வாங்கியதில் பழைய பாடத்திட்டத்தின் கேள்விகள்தான் இருந்தன. கலைச்சொல் தொகுப்பை மட்டும் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். நான் திருவொற்றியூரில் மெட்ரோ ஏறி கிண்டியில் இறங்குவதற்குள் தினமும் இரண்டு பக்கம் முடிப்பேன். சொல்லட்டைச் செயலிகளைவிடக் கையால் எழுதிய அட்டைதான் எனக்கு மனதில் நின்றது.

படி 2: தெரிந்த தொழில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்

கையேட்டில் வரும் உதாரணங்களோடு நின்றுவிட்டால் வார்த்தைகள் மனப்பாடம் ஆகும், பொருள் ஒட்டாது. முதல் முறை நான் செய்த தவறு அதுதான். அப்புறம் சித்தப்பாவின் தொழிலை எடுத்தேன். அவர் காசிமேடு துறைமுகத்தில் விசைப்படகு மீனை ஏலத்தில் எடுத்து, சிந்தாதிரிப்பேட்டை சந்தைக்கு அனுப்புகிறவர். அவருடைய ஏலக் கணக்குக்கு ஒரு செயலி செய்வதாக வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அவர் வீட்டில்தான் இருந்தார். நோட்டோடு போய் உட்கார்ந்தேன்.

"செயலி எப்படி இருக்கணும் சித்தப்பா?"

"சீக்கிரமா ஏறணும்மா. அவ்ளோதான்."

"சீக்கிரம்னா?"

"ஒரு பொட்டி முடிஞ்சி அடுத்த பொட்டிக்குக் குரல் வுடுறதுக்குள்ள."

முதலில் சொன்னதை வைத்து எதையும் சோதிக்க முடியாது. இரண்டாவதை அளக்கலாம். எவ்வளவு நன்றாக வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் இதைப் பாடத்திட்டம் தரத் தேவை என்கிறது, அதை இரண்டாவது வடிவத்தில் எழுதுவதுதான் நல்லது.

அடுத்து, "புது போன்லாம் வாங்கமாட்டேன், இதுலயே ஓடணும்" என்றார். இது தரத் தேவை இல்லை. தீர்வின் கையைக் கட்டும் கட்டுப்பாடு.

படி 3: நான் வழுக்கிய இடம்

இங்கே நிதானமாகப் படியுங்கள். எங்கள் அலுவலகத்தில் வேகம், பாதுகாப்பு, "இந்த போனிலேயே ஓட வேண்டும்" எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'நான் ஃபங்ஷனல்' என்போம். சிபிஆர்இ அதை ஏற்காது. செயல்பாட்டுத் தேவை (செயலி என்ன செய்ய வேண்டும் என்பது), தரத் தேவை, கட்டுப்பாடு என்று மூன்றாகப் பிரிக்கிறது. தேர்வில் அலுவலகப் பழக்கத்தில் டிக் அடித்தேன், மதிப்பெண் போனது.

'ரிக்வயர்மென்ட்' என்ற சொல்லுக்கே கலைச்சொல் தொகுப்பில் மூன்று பொருள் உண்டு. சித்தப்பா மனதில் இருக்கும் தேவை ஒன்று. செயலியில் இருந்தாக வேண்டிய திறனோ பண்போ இன்னொன்று. அதை எழுதிவைத்த வரி மூன்றாவது. நான் மூன்றாவது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதிப்பெண் முறை இந்தக் குழப்பத்தை இன்னும் பெரிதாக்கும். 75 நிமிடத்தில் 45 கேள்வி, அதாவது ஒன்றுக்கு 100 விநாடி. தேற 70 சதவீதம் வேண்டும். 'கே' வகைக் கேள்வியில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சரி, தவறு என்று குறிக்க வேண்டும். இரண்டு மதிப்பெண்ணுக்கு நான்கு வாக்கியம் என்றால், சரியாகக் குறித்த ஒவ்வொன்றுக்கும் அரை கூடும், தவறான ஒவ்வொன்றுக்கும் அரை குறையும். மூன்று சரி, ஒன்று தவறு என்றால் கையில் ஒன்றுதான் நிற்கும். இரண்டுக்கு இரண்டு என்றால் பூஜ்யம். அந்தக் கேள்வி பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்பது மட்டும் ஆறுதல். 'பி' வகையில், அதாவது இத்தனை விடைகளைத் தேர்ந்தெடு என்று கேட்பதில், கேட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒன்று கூடுதலாகக் குறித்தாலும் மொத்தமும் போய்விடும். மாதிரித் தேர்வைத் திருத்தும்போது இந்தக் கணக்கைப் போட்டே திருத்துங்கள். நான் போடாமல் திருத்தி, தேறிவிடுவேன் என்று நம்பிப் போனேன்.

படி 4: எல்லை வரைதல்

பேனாவும் தாளும் போதும். வரைபட மென்பொருளைத் திறந்தால் பெட்டிகளை நேராக்குவதிலேயே நேரம் போய்விடும். நடுவில் செயலி, அதைச் சுற்றி அமைப்பு எல்லை. அதற்கு வெளியே சூழல்: ஏலக்காரர், படகு உரிமையாளர், சந்தை வியாபாரி. நான் ஆட்களோடு நிறுத்திவிட்டேன். தடைக்காலச் சட்டமும் சூழலில் வரும், 61 நாள் கணக்கே ஏறாது என்பதைச் செயலி புரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? சட்டம், ஆவணம், வேறு மென்பொருள் எல்லாம் சூழல்தான். சூழல் எல்லைக்கும் வெளியே இருப்பது சம்பந்தமில்லாதது. டீசல் விலை படகுக்காரருக்குப் பெரிய கவலை, ஆனால் சித்தப்பாவின் ஏலக் கணக்கைத் தொடாது.

படி 5: ஒரு முறையாவது நேரில் போய்ப் பாருங்கள்

தடைக்காலம் முடிந்து ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு அவரோடு துறைமுகம் போனேன். போனில் ஒரு சாதாரண குறிப்புச் செயலியைத் திறந்து கொடுத்து, அதில் எழுதச் சொன்னேன். கையெல்லாம் ஐஸ் தண்ணீர், விரல் நுனியில் செதில். திரையைத் தொடுகிறார், எழுத்து விழவில்லை. கைலியில் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டார். அதற்குள் இரண்டு பெட்டி வஞ்சிரம் கைமாறிவிட்டது. போனை என்னிடம் கொடுத்துவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நோட்டில் எழுதினார். பேனா ஏன் இல்லை என்றேன். "ஈரத்துல மை கரைஞ்சிடும்மா" என்றார்.

இரண்டு மாதம் உட்கார்ந்து பேசியதில் ஈரக் கை என்ற வார்த்தை ஒரு முறைகூட வரவில்லை. வாடிக்கையாளரின் திருப்தியைக் காரணிகளாகப் பிரிக்கும் ஜப்பானியப் பேராசிரியர் நோரியாகி கானோவின் மாதிரியில் அடிப்படைக் காரணி என்பது இதுதான். இருந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள், இல்லாவிட்டால் பொருளையே தூக்கிப் போட்டுவிடுவார்கள். அவர்களுக்கு அது பழகிப்போன விஷயம், அதனால் வாயால் சொல்ல மாட்டார்கள், கூட நின்று பார்த்தால்தான் தெரியும். அவர்களே வாய்விட்டுக் கேட்கும் காரணி நேர்காணலில் வெளியே வரும். கேட்கவே தோன்றாத, கிடைத்தால் மகிழ்ந்துபோகும் மகிழ்ச்சிக் காரணிக்குப் புது யோசனைகளைக் கிளப்பும் படைப்பூக்க உத்திகள் வேண்டும். எந்த உத்தி எந்தக் காரணிக்கு என்ற கேள்வியில் அதற்குப் பிறகு நான் தடுமாறியதே இல்லை.

வகுப்புக்குப் போகலாமா? கொஞ்சமாவது வேலை அனுபவம் இருந்தால் தேவையில்லை. கல்லூரி முடித்த கையோடு வருகிறீர்கள் என்றால், கேள்வி கேட்க ஒரு ஆள் கிடைப்பார் என்பதற்காகவாவது போகலாம்.

பின்சேர்க்கை: தண்டையார்பேட்டையில் இருந்து ஒரு தம்பி, வீட்டிலிருந்தே இணையம் வழியாக எழுதலாமா என்று கேட்டிருந்தார். எழுதலாம், ஆனால் கேமரா வழியாகக் கண்காணிப்பார்கள், அறையில் வேறு யாரும் வரக் கூடாது. ஆடி மாதத்தில் தேதி எடுக்காதீர்கள். தெருவுக்குத் தெரு அம்மன் கோவில் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள், 100 விநாடியில் நான்கு வாக்கியம் படிப்பது கஷ்டம். நான் புரட்டாசியில் எழுதினேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த ஒன்றரை மணி நேரம் மோட்டார் போடாமல் பார்த்துக்கொண்டேன்.