நெல் திட்டத்தை ஆலை வாசலில் இருந்து எழுதத் தொடங்குங்கள்

என் தம்பி மகன் வேளாண் பொருளியல் படித்தவன். மேற்கு ஆப்பிரிக்க நாடு ஒன்றின் நெல் வளர்ச்சித் திட்டத்தை எழுதும் குழுவில் இருக்கிறான். சென்ற விடுமுறையில் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் என் வீட்டுக்கு வந்தபோது வரைவைக் கையோடு கொண்டு வந்தான். "பெரியப்பா, படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றான். முதல் பக்கத்திலேயே பத்து ஆண்டில் விளைச்சலை இரட்டிப்பாக்கும் இலக்கு. அடுத்து அணை, உரம், டிராக்டர். அரிசி ஆலை என்ற சொல்லைக் கண்டுபிடிக்க நாற்பது பக்கம் புரட்ட வேண்டியிருந்தது. அன்றிரவு அவனுக்குச் சொன்னதை இதே வேலையில் இறங்கும் மற்றப் பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன்.

நான் செபராங் பிறை வடக்கில் ஓர் ஆலையில் 29 ஆண்டு நெல்லுக்குத் தரம் பார்த்தவன். லாரி எடைமேடையில் ஏறி நின்றதும் கூர்முனைக் குழாயை நெல்லுக்குள் செருகி, மேலும் நடுவும் அடியுமாக மாதிரி எடுப்பேன். முதலில் மூக்குக்குக் கொண்டு போவேன். பச்சை வைக்கோல் வாடை வந்தால் இன்று அறுத்தது. புளித்த வாடை வந்தால் இரவெல்லாம் குவியலில் கிடந்தது. பிறகுதான் ஈரமானி. 24 விழுக்காடு என்று அது காட்டினால், பதர், தூசி எல்லாம் சேர்த்து எடையில் கழிவு போட வேண்டும். அந்த எண்ணை நான் சீட்டில் எழுதும் வரை விவசாயி என் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு போகத்தின் உழைப்பு முழுவதும் அந்தச் சீட்டில்தான் பணமாகிறது. திட்டம் எழுதுகிறவர் முதலில் வந்து நிற்க வேண்டிய இடம் அதுதான்.

அங்கே நின்றுகொண்டு கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். ஒரு கோடி மக்கள் உள்ள நாடு. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கிலோ அரிசி என்று வைத்துக்கொள்வோம். தேவை 10 லட்சம் டன் அரிசி. கிராமங்களில் இன்னும் ஓடும் எங்கல்பெர்க் வகை இரும்பு உருளை ஆலையில் 100 கிலோ நெல்லுக்கு 58 கிலோ அரிசி வருகிறது என்றால் 17 லட்சத்து 24 ஆயிரம் டன் நெல் வேண்டும். ரப்பர் உருளை ஆலையில் 66 கிலோ வந்தால் 15 லட்சத்து 15 ஆயிரம் டன் போதும். ஏறத்தாழ 2 லட்சத்து 10 ஆயிரம் டன் மிச்சம். ஹெக்டருக்கு 2 டன் விளையும் நாட்டில் அது ஒரு லட்சம் ஹெக்டருக்கு மேற்பட்ட நிலத்தின் விளைச்சல். எங்கள் வடக்கு மாநிலங்களான கெடாவிலும் பெர்லிஸிலும் பரந்த மூடா பாசனப் பகுதி முழுவதுமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு காடும் அழியாமல், ஓர் அணையும் கட்டாமல் ஒரு மூடா கிடைக்கிறது. என் தம்பி மகன் இந்தக் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தான்.

ஆகவே ஆலை, உலர்த்தி, கிடங்கு ஆகியவற்றை முதல் அத்தியாயத்தில் வையுங்கள். எத்தனை ஆலைகள், என்ன வகை, உதிரிப் பாகம் எந்த ஊரில் கிடைக்கிறது, மின்சாரம் எத்தனை மணி நேரம் வருகிறது என்று ஆள் அனுப்பி எண்ணுங்கள். பெண்கள் பானைகளில் நெல்லைப் புழுக்கி விற்கும் ஊர்களில் அவர்களுடைய அடுப்பையும் விறகையும் சேர்த்தே எண்ணுங்கள். புழுங்கல் நெல் ஆலையில் குறைவாகவே உடையும். அந்தப் பெண்கள் செய்வதும் தொழில்நுட்பம்தான்.

தண்ணீர் விஷயத்தில் எங்கள் அனுபவம் முழுவதையும் சொல்ல வேண்டும். மூடா திட்டம் உலக வங்கிக் கடனில் 1966இல் தொடங்கியது. மூடா, பெடு என்ற இரண்டு அணைகள். 1970இல் இரண்டாம் போகம் வந்தது. ஒரு போகம் பார்த்த நிலத்தில் இரண்டு போகம் என்பது பெரிய சாதனை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய கால்வாய் வெட்டியதோடு வேலை முடியவில்லை. வயலுக்கு வயல் தண்ணீர் வழிந்து போகும் நிலையில், மதகுக்கு அருகில் இருப்பவர் நாற்று நட்டு முடித்த பிறகும் கடைசி வயல்காரர் வரப்பில் காத்திருந்தார். நடவு இப்படி முன்னும் பின்னும் இழுத்தால் தத்துப்பூச்சிக்கு எப்போதும் ஏதாவது ஒரு வயலில் இளம் பயிர் கிடைத்துக்கொண்டே இருக்கும். அது பரப்பும் துங்ரோ நோய் 1980களில் எங்கள் பக்கத்து வயல்களை எப்படி மஞ்சளாக்கியது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கிளை வாய்க்கால்களுக்கான பணம் பெரும்பாலும் பிறகுதான் வந்தது. நீங்கள் அணைக்கு ஒதுக்கும் அதே பக்கத்தில் கிளை வாய்க்காலுக்கும் அதைத் தூர்வார ஆண்டுதோறும் ஆகும் செலவுக்கும் ஒதுக்குங்கள்.

இன்னொன்றை யாரும் முன்கூட்டி நினைக்கவில்லை. இரண்டாவதாகச் சேர்ந்த போகத்தின் அறுவடை மழைக்காலத்தில் விழுந்தது. பழைய போகத்தில் வெயில் இருந்தது, களம் போதும். இப்போது நெல் சொட்டச் சொட்ட வந்தது. ஈர நெல்லை ஒரு நாளுக்குள் உலர்த்தத் தொடங்காவிட்டால் குவியல் சூடேறும். 14 விழுக்காட்டுக்கு இறக்கினால்தான் கிடங்கில் வைக்கலாம். ஒரு போகத்தில் நான் வேலை செய்த ஆலையின் உலர்த்தி பழுதாகி, லாரிகள் இரண்டு நாள் சாலையோரம் நின்றன. குழாயைச் செருகியபோது குழாயே சுட்டது. உரித்துப் பார்த்தால் அரிசி மஞ்சள். உலர்த்தி பழுதானது எங்கள் தவறு. கழிவு விழுந்தது விவசாயியின் சீட்டில். அந்தச் சீட்டுகளை என் கையால்தான் எழுதினேன். இன்றும் அது என் மனத்தை அறுக்கிறது. புதிய போகம் ஒன்றைத் திட்டமிடும் முன் அதன் அறுவடை எந்த மாதத்தில் விழும், அந்த மாதம் எத்தனை நாள் மழை என்று பார்த்து, அதற்கேற்ற உலர்த்தியை முன்பே நிறுத்துங்கள்.

விதையைப் பற்றிப் பேசும்போது எனக்குப் பெருமை பொங்கும். நம் வீட்டுப் பொன்னி அரிசியின் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? 1950களில் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் ஜப்பானிய வகையையும் நம் வகையையும் கலக்கும் திட்டத்தை ஒடிசாவின் கட்டாக்கில் நடத்தியது. தைச்சுங் 65 என்ற வகையும் மாயாங் எபோஸ் என்ற மலாயா வகையும் சேர்ந்த கலப்பின் சந்ததி இங்கே, பினாங்கு மாநிலத்தின் பும்போங் லீமா நிலையத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1965இல் மசூரி என்று வெளியானது. அது இந்தியாவுக்குப் போய்த் தமிழ்நாட்டில் பொன்னி ஆனது. சொந்த ரகம் பிறக்கும் வரை எந்த நாடும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆப்பிரிக்க நெல்லும் ஆசிய நெல்லும் கலந்த நெரிக்கா ரகங்கள் அங்கேயே இருக்கின்றன. வாங்கி, உங்கள் மண்ணில் நட்டுப் பாருங்கள்.

ரகத்தைவிடக் கடினமானது விதையைப் பெருக்குவது. நாட்டில் 6 லட்சம் ஹெக்டர் நெல் வயல் என்று வைத்துக்கொண்டால், ஹெக்டருக்கு 60 கிலோ வீதம் 36,000 டன் விதை. ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கைப் புதுப்பித்தாலும் 12,000 டன். ஹெக்டருக்கு 3 டன் என்றால் 4,000 ஹெக்டர் விதை வயல். அந்த வயல்களுக்கே 240 டன் மூல விதை, அதை விளைவிக்க 80 ஹெக்டர். இந்த 80 ஹெக்டரின் நிலமும் ஆளும் சம்பளமும் திட்டத்தில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்க வேண்டும். வரைவில் "தரமான விதை வழங்கப்படும்" என்று ஒரு வரிதான் இருந்தது.

விலையில் இரண்டு நகரங்களை நினைவில் வையுங்கள். 1979 ஏப்ரலில் லைபீரியாவின் மன்ரோவியாவில் 100 பவுண்டு அரிசி மூட்டையை 22 டாலரிலிருந்து 26 டாலராக்கும் யோசனை வந்தது. விவசாயிகளை ஊக்குவிக்கத்தான் என்று அரசு சொன்னது. ஊர் கொதித்தது, உயிர்கள் போயின. 1980 ஜனவரியில் கெடாவின் தலைநகரான எங்கள் அலோர் ஸ்டாரில் நெல் விவசாயிகளே ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். மானியத்தை ரொக்கமாகத் தராமல் கூப்பனாகத் தருவதை அவர்கள் ஏற்கவில்லை. விலை உயர்வைப் படிப்படியாகச் செய்யுங்கள். உயர்ந்த பணத்தை, நெல் எடைமேடையில் நிற்கும் அன்றே, கையில் கொடுங்கள். கடன் வாங்கி உழுதவருக்கு அடுத்த மாதப் பணம் பாதிப் பணம்.

இயந்திரம் பற்றிச் சுருக்கமாக. அறுவடை இயந்திரம் எங்கள் வயல்களுக்கு வந்தபோது நிலம் இல்லாத கூலிக் குடும்பங்கள்தான் முதலில் வருமானத்தை இழந்தன. அவர்கள் எண்ணிக்கையும் உங்கள் அட்டவணையில் இருக்கட்டும்.

தம்பி மகன் புறப்படும்போது என் பழைய ஈரமானியைத் துடைத்து, புது பேட்டரி போட்டுக் கொடுத்தேன். அறுவடை உச்சத்தில் மழை பெய்யும் ஒரு வாரம் போய், நாளுக்கு ஒரு சந்தை வீதம் ஏழு சந்தைகளில் நெல்லின் ஈரத்தையும், அன்று விவசாயிக்குக் கிடைத்த விலையையும், எத்தனை மணி நேரம் காத்திருந்தார் என்பதையும் நோட்டில் எழுதி வரச் சொன்னேன். மூன்று நெடுவரிசைகள், ஏழு வரிகள். அதைப் பார்த்த பிறகுதான் முதல் பக்கத்து இலக்கைத் திருத்த உட்காரப் போகிறோம்.