நிரல் எழுதத் திரை வாங்குவோர் கவனத்துக்கு

புதுச்சேரியில் எந்தக் கணினிக் கடையில் மானிட்டர் கேட்டாலும் பேச்சு அங்குலத்தில்தான் தொடங்கும். நாள் முழுவதும் நிரல் எழுதுகிறவர் கேட்க வேண்டியது பிக்செல் கணக்கை, அதாவது திரையில் எத்தனை படப்புள்ளிகள் என்பதை. 27 அங்குலத் திரையில் 1920-க்கு 1080 (அகலத்தில் 1920, உயரத்தில் 1080 பிக்செல்) என்றால் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 82 பிக்செல்தான் கிடைக்கும். எழுத்தின் ஓரங்கள் பிசிறடிக்கும். நிரலுக்கு இடையே தமிழில் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு மெய்ப்புள்ளியும் சுழியும் ஒன்றோடொன்று கலங்கித் தெரியும். அதே அளவில் 2560-க்கு 1440 இருந்தால் அங்குலத்துக்கு 109 பிக்செல். பணம் போதாதென்றால் 1920-க்கு 1080-ஐயே வாங்கி, 24 அங்குலத்தோடு நின்றுவிடுங்கள்; அளவு சிறிதானால் பிக்செல் நெருக்கமாகும். பெரிய மங்கலைவிடச் சிறிய தெளிவு மேல்.

கடையில் ஓடும் வண்ணப் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்கள் மடிக்கணினியை இணைத்து, கருப்புப் பின்னணியில் ஒரு நிரல் கோப்பைத் திறந்து வேகமாக மேலும் கீழும் உருட்டுங்கள். விஏ, ஐபிஎஸ் என்பவை திரைப் பலகத்தின் இரு வகைகள். விஏ வகைத் திரைகள் பலவற்றில் எழுத்து வால் விட்டு இழுபடும். ஐபிஎஸ் வகையில் அந்தத் தொல்லை குறைவு.

4கே (3840-க்கு 2160 பிக்செல்) திரை வாங்குகிறீர்களா? மடிக்கணினியில் திரையை இணைக்கும் எச்டிஎம்ஐ துளை பழைய 1.4 பதிப்பாக மட்டும் இருந்தால், 4கே-யில் நொடிக்கு 30 சட்டகம்தான் வரும். சுட்டி திக்கித் திக்கி நகரும்.

கடற்கரைப் பக்கம் வீடென்றால் காலை வெயில் கிழக்கு ஜன்னலில் நேராக அடிக்கும். பளபளப்பில்லாத மேற்பரப்பைத் தேர்ந்தெடுத்து, ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி மேசையைப் போடுங்கள்.