ஆங்கிள் கிரைண்டரில் முதல்முறை இரும்பு பைப் வெட்டுகிறீர்களா?

வாசல் கேட்டுக்கோ மாடிப் பந்தலுக்கோ நாலு பைப் வெட்டலாம் என்று 4 இஞ்ச் கிரைண்டர் வாங்கியிருப்பீர்கள். அது நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். அதில் மாட்டும் வட்டமான வெட்டுத் தட்டைத்தான் வீல் என்கிறோம். வீலின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது; உடைந்தால் துண்டும் அதே வேகத்தில்தான் பறக்கும். அதனால் பைப்பைத் தொடும் முன் வீலைப் பார்ப்போம்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். வீலின் லேபிளில் அதிகபட்ச வேகம் அச்சிட்டிருக்கும். அது மிஷினின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கவே கூடாது. அப்புறம் நடு ஓட்டையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பொடி எழுத்தில் மாதமும் ஆண்டும் தெரியும். அதுதான் காலாவதி தேதி. வீலைக் கட்டிப் பிடித்திருக்கும் பிசின் நாள்பட வலுவிழக்கும், ஈரம் பட்டால் இன்னும் சீக்கிரம். தேதி தாண்டியது, ஓரம் பெயர்ந்தது, கீழே விழுந்தது எதையும் மாட்டாதீர்கள். டீ, வடைக் காசுக்குப் புது வீல் கிடைக்கும்.

பெரிய வீல் போடுவதற்காக, வீலை மூடியிருக்கும் பாதுகாப்புத் தகட்டை (guard) கழற்றும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. தயவுசெய்து அதைக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

உடம்புக்கு முழுக்கை காட்டன் சட்டை, பேன்ட், ஷூ. லுங்கியும் துப்பட்டாவும் வேண்டாம். பாலியஸ்டர் பொறி பட்டதும் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அதற்கு மேலே முகம் முழுவதையும் மறைக்கும் கண்ணாடித் தடுப்பும் (face shield) இருந்தால் நல்லது. தின்னர், பெட்ரோல், மரத்தூள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

சரி, பைப்பை வைஸில் (மேசையில் பொருத்தும் இறுக்குப் பிடி) இறுக்குங்கள். வெட்டி விழும் பக்கம் அந்தரத்தில் இருக்கட்டும். இரண்டு முனைக்கும் கல் முட்டுக் கொடுத்தால் பைப் நடுவில் தொய்யும், வெட்டுவாய் மூடி வீலைக் கவ்வும். அந்த நொடியில் மிஷின் கையை உதறிக்கொண்டு எகிறும். புதியவர்களுக்கு இதுதான் பெரிய ஆபத்து.

பக்கக் கைப்பிடியோடு இரு கையாலும் பிடித்து, ஆளில்லாத பக்கம் திருப்பி அரை நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். அதிர்ந்தால் நிறுத்திவிட்டு வீலை மாற்றுங்கள். வீலின் நேர்கோட்டில் நிற்காமல் சற்று ஒதுங்கி நின்று, அழுத்தாமல் வெட்டுங்கள். கட்டிங் வீலின் பக்கவாட்டால் பிசிர் தேய்க்கக் கூடாது. மெல்லிய வீல், பட்டென்று உடையும்.

சுவிட்சை அணைத்த பிறகும் வீல் சில நொடிகள் சுற்றும். நின்ற பிறகே கீழே வையுங்கள். வெட்டிய முனை சுடும், பிசிர் பிளேடு மாதிரி கிழிக்கும். ஆறவிட்டு அரத்தால் தேயுங்கள்.