தனிமையைப் படமெடுக்க இன்னொருவர் வேண்டும்

பரந்த வெளி. நடுவே ஒருவர் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். தனிமை என்ற தலைப்பில் கருத்துப்படம் (ஒரு கருத்தைச் சொல்வதற்காகக் காட்சியை அமைத்து எடுக்கும் புகைப்படம்) எடுக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறார்கள். படம் அழகாகவே இருக்கும். ஆனால் அந்த ஆள் நிம்மதியாக நிற்பதாகத்தான் எனக்குப் படும். இன்றைய வாழ்க்கையின் தனிமை ஆளில்லாத இடத்தில் இல்லை. ஒரே கட்டிலில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் இருவருக்கு நடுவில் இருக்கிறது. அதனால் நான் எடுக்கும் படங்களில் இன்னொருவர் எப்படியாவது இருந்தாக வேண்டும். நேரில் இல்லாவிட்டால், அவர் விட்டுப்போன நாற்காலியாகவோ எதிர்ச் சுவரில் எரியும் ஜன்னலாகவோ இருந்தாலும் போதும்.

கேமராவைத் தொடும் முன் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். "அவள் பேசிக்கொண்டிருக்கிறாள், மேசையில் யாரும் நிமிரவில்லை" என்பது போல. அதில் தனிமை, சோகம், வெறுமை என்ற சொற்கள் வந்தால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். கண்ணால் பார்க்க முடிகிறவை மட்டுமே மிஞ்ச வேண்டும். என் நேரத்தில் பாதி இந்த வாக்கியத்துக்கே போகிறது.

அடுத்து, அந்தக் காட்சியிலிருந்து எதை எடுத்துவிடலாம் என்று பாருங்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் எரிக் பிக்கர்ஸ்கில் 'ரிமூவ்டு' என்ற தொடரில் ஆட்களைப் போன் பார்க்கும் நிலையிலேயே அசையாமல் இருக்கச் சொல்லி, கையிலிருந்த போனை மட்டும் வாங்கிக்கொண்டு எடுத்தார். பக்கத்தில் உறவுகள் இருக்க, எல்லோரும் வெறும் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் 1942-இல் வரைந்த 'நைட்ஹாக்ஸ்' ஓவியத்தில் இரவு உணவகத்துக்குள் நான்கு பேர் இருக்கிறார்கள். தெருவிலிருந்து உள்ளே நுழைய வாசல் எங்கும் தெரியாது. ஒரு பொருளை நீக்கியதாலேயே இரண்டும் இவ்வளவு பேசுகின்றன. அதே உத்தியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வாக்கியத்தில் எது காணாமல் போக வேண்டும் என்று தேடுங்கள்.

முதலில் செய்துபார்க்க நான் சொல்வது, போன் வெளிச்சத்தில் ஒரு படுக்கையறைக் காட்சி. இருவர் படுத்திருக்கிறார்கள். ஒருவர் முகத்தில் போன் வெளிச்சம், மற்றவர் பக்கம் மஞ்சள் விளக்கு. போனில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வெளிச்சத்தை முழுதாக ஏற்றிவிடுங்கள். தானாகக் குறையும் வசதியையும் இரவு நேர மஞ்சள் நிறத்தையும் அணைத்துவிடுங்கள். கேமரா டிரைபாடில் இருக்கட்டும். ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) 1600, அபெர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) எஃப்/2.8, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/30 நொடி என்று தொடங்கி, முகத்தைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். எந்த நிற வெளிச்சத்தை வெள்ளையாகக் காட்டுவது என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடக் கூடாது. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள், எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள். போன் திரையின் வெளிச்சம் பொதுவாக 6500 கெல்வின் அளவிலும், மஞ்சள் பல்பு 2700 அளவிலும் இருக்கும். கேமராவை 4000-இல் வைத்தால் ஒரு முகம் நீலமாகவும் மற்றது ஆரஞ்சாகவும் விழும். ஒரே போர்வைக்குள் இரண்டு உலகம் வந்துவிடும். எடிட்டிங்கில் அந்த நிறங்களைச் சமன் செய்யப் போகாதீர்கள், படத்தின் கருத்தே அதுதான்.

நடிக்கிறவரிடம் "சோகமாக இருங்கள்" என்று எப்போதும் சொல்லாதீர்கள். முகம் உடனே பொய்யாகிவிடும். செய்ய ஒரு வேலை கொடுங்கள். "பழைய செய்திகளைத் தேடி மேலே போய்க்கொண்டே இருங்கள்", "அவர் பக்கம் திரும்பலாமா என்று யோசித்துவிட்டுத் திரும்பாமல் இருங்கள்" என்று சொன்னால் உடம்பு தானாக அமைந்துவிடும். கைகளைக் கவனியுங்கள். தொட்டுவிடும் தூரத்தில் தொடாமல் இருக்கும் இரண்டு கைகள் எந்த முகபாவத்தையும் விட அதிகம் சொல்லும். இடைவெளியை ரொம்பவும் கூட்டிவிடாதீர்கள். ஒரு சாண் போதும், அதற்கு மேல் போனால் அந்நியர்கள் போல ஆகிவிடுகிறார்கள்.

நண்பர்கள் கிடைக்காவிட்டால் நீங்களே எல்லோராகவும் இருக்கலாம். மேசையைச் சுற்றி நான்கு நாற்காலி, நான்கிலும் நீங்கள், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கேமராவை டிரைபாடில் இறுக்கி, ஃபோகஸ், எக்ஸ்போஷர் (படத்தில் விழும் ஒளியின் அளவு), ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் மேனுவலில் பூட்டிவிட்டு, 10 நொடி டைமரில் ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து எடுங்கள். ஒருவர் நிழல் அடுத்தவர் மேல் விழாதபடி பார்த்துக்கொண்டால், எடிட்டிங்கில் நான்கு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வேண்டாத பகுதியை மறைத்து ஒன்றாக்கும் லேயர், மாஸ்க் வேலை எளிது.

தெருக்கூட்டத்தில் ஒருவர் மட்டும் அசையாமல் நிற்கும் படமும் உண்டு. நடப்பவர்கள் கலங்கித் தெரிய ஷட்டர் அரை நொடி, பகலில் என்றால் லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் 6 ஸ்டாப் என்டி ஃபில்டர், நிற்பவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நிறையப் பேர் எடுத்துவிட்டதால், நிற்பவருக்கு ஒரு காரணம் கொடுத்தால் மட்டுமே இதை எடுக்கச் சொல்வேன்.

ஒன்றில் நான் பிடிவாதக்காரன். தெருவோரத்தில் தூங்குகிறவரையோ ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் முதியவரையோ அவருக்குத் தெரியாமல் எடுத்து அதைத் தனிமை என்று காட்டக் கூடாது. அவர் மனதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. நம் கருத்துக்கு அவரைச் சாட்சியாக நிறுத்த நமக்கு உரிமையும் கிடையாது. கருத்துப்படம் கற்பனை. விஷயம் தெரிந்து, சம்மதித்து நடிக்கிறவர்களை வைத்தே எடுங்கள்.

எடுத்த படங்களில் எதை வைத்துக்கொள்வது? தலைப்போ விளக்கமோ இல்லாமல் ஒருவரிடம் காட்டி, "இதற்கு ஒரு நிமிடம் முன்னால் என்ன நடந்திருக்கும்?" என்று கேளுங்கள். "தெரியவில்லை" என்றால் அந்தப் படத்தை நீக்கிவிடலாம். "நல்ல லைட்டிங்" என்று சொன்னாலும் நீக்கிவிடலாம். அவர் அந்த இருவருக்குள் நடந்ததைக் கதையாகச் சொல்லத் தொடங்கினால், நீங்கள் எழுதிய வாக்கியத்தோடு அது ஒத்துப்போகாவிட்டாலும் அந்தப் படத்தை வைத்துக்கொள்ளுங்கள்.