தீட்டுக்கல் வாங்கும்போது விடும் தவறுகள்

போன கிழமை ஆரையம்பதியிலிருந்து ஒரு தம்பி வந்தார். ஒரு கையில் துணியில் சுற்றிய பெல்ஜியம் கொட்டிக்கியூல் கல் (நிலத்திலிருந்து வெட்டியெடுக்கும் இயற்கைத் தீட்டுக்கல், கடைசி மெருகுக்கு உதவுவது), மறு கையில் அப்பப்பாவின் சவரக்கத்தி. கத்தி வாய் முழுக்கப் பொடிப்பொடியாய்ப் பல். "மூணு கிழமையா தேய்க்கிறன் அண்ணன், ஒரு மயிரும் வெட்டுதில்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே கூத்தை நானும் ஆடியிருக்கிறேன்.

விரலைப் பார், கல்லைக் கீழே போடாதே என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

மெருகுக் கல்லிடம் அடிவேலை கேட்பது

அடிவேலை என்றால் பல்லை எடுத்து வாயை வரவைப்பது. கத்தியின் வாய் என்பது இரண்டு சரிவுகள் வந்து முட்டும் கோடு. அவை முட்டாதவரை எவ்வளவு நைசான கல்லில் தேய்த்தாலும் சரிவு பளபளக்குமே தவிர வாய் வராது. கொட்டிக்கியூலுக்குள் இருக்கும் கார்னெட் என்ற கடினமான கனிம மணிகள் 5 முதல் 15 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று ஒரு மைக்ரோன்) அளவு, உருண்டைக்குக் கிட்டிய வடிவம். ஆழமாகக் கீறாது. அதில் முடித்த கத்தி முகத்தை எரிக்காதது அதனால்தான், பல் விழுந்த வாயை அது சட்டென்று எடுக்காததும் அதனால்தான். சிறு துண்டுக் கல்லால் உரசிச் சேறு எழுப்பினால் வேகம் கூடும். ஆனாலும் பல்லை எடுக்க நெடுநேரம் உட்கார வேண்டும்.

நான் என்ன செய்தேன்? வெட்டவில்லை என்று அழுத்தினேன். சவரக்கத்தியைத் தீட்டும்போது முதுகும் கல்லில் படுத்திருக்கும், கோணத்தைக் காப்பது அதுதான். நான் அழுத்திய அழுத்தில் நல்ல ஜெர்மன் சோலிங்கன் கத்தியின் முதுகு தேய்ந்து பட்டையாகிவிட்டது. கடைசியில் 1000 கிரிட் (கல் எவ்வளவு நைசு என்று காட்டும் இலக்கம்) செயற்கைக் கல் ஒன்றில் முக்கால் மணித்தியாலத்தில் வாய் வந்தது. கொட்டிக்கியூலைக் காட்டி "இந்த ஒரு கல்லே போதும்" என்று சொல்லி எனக்கு விற்றவரை நினைத்தால் இப்பவும் பற்றிக்கொண்டு வரும்.

சமையல் கத்திக்கு அடிவேலையும் இயற்கைக் கல்லில்தான் என்றால் அமெரிக்காவின் வாஷிட்டா கல் அல்லது ஜப்பானின் அமகுசா கல் பாருங்கள். சவரக்கத்திக்கு அந்தப் பிடிவாதம் வேண்டாம்.

வாய் வந்ததா என்று சந்தேகமா? சரிவில் மார்க்கர் பேனையால் கறுப்புப் பூசி நாலு இழுவை இழுங்கள். விளிம்போரம் கறுப்பு மிஞ்சினால் கல் அங்கே இன்னும் தொடவில்லை. அடுத்த கல்லுக்குப் போகாதீர்கள்.

கிரிட் இலக்கத்தை நம்புவது

மலையில் வெட்டிய கல்லுக்கு இலக்கம் எங்கிருந்து வரும்? அமெரிக்காவின் அர்கன்சா கல் எல்லாமே நோவாகுலைட், அதாவது சிலிக்கா. சொஃப்ட், ஹார்ட் என்று பிரிப்பது அடர்த்தியை வைத்து. விற்பவர் எழுதும் இலக்கம் அவருடைய ஊகம்.

எண்ணெய் குடித்த கல்லில் தண்ணீர்

வேண்டாம்.

சமம் பார்க்காமல் தொடங்குவது

கல்லில் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போடுங்கள். கண்ணாடித் துண்டின் மேல் மண்கடதாசியை விரித்து, தண்ணீர் விட்டு, கோடு முழுக்க அழியும்வரை கல்லைத் தேயுங்கள். வாழைச்சேனையில் மீன் வெட்டுகிறவர் சீமெந்துத் திண்ணையில் இரண்டு இழுவை இழுத்துவிட்டு வெட்டுகிறாரே என்று கேட்காதீர்கள். அவர் வெட்டுவது பாரையை, உங்கள் கன்னத்தை அல்ல.

தம்பி இப்போது என் 1000 கல்லோடு போயிருக்கிறார். வீட்டில் மீன் கத்தி மழுங்கிக் கிடக்கிறது, அவர் எப்போது திருப்பித் தருவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.